பவானியோடு கதைக்காமல் விட்ட மூன்று மாதங்கள்

1

பல்கலைக்கழகத்தில் முதல் நாள் என் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். "காண்டசாமி?" என்று பேராசிரியர் பட்டியலைப் பார்த்துக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டபோதுதான், கொக்குவிலில் அந்நேரம் வாழைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும் மனிதரை ரொறன்ரோவில் தேடுகிறார்கள் என்று எனக்கு உறைத்தது. "ஓம்" என்று கையை உயர்த்தினேன். பிறகு அவசரமாக "யெஸ்" என்று திருத்தினேன். முன் வரிசையில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் பதினெட்டு வயது. எனக்கு நாற்பத்திரண்டு.

கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர்தான் என் குடும்பப் பெயர். அதை முன்பின்னாக மாற்றித் தரும்படி பதிவு அலுவலகத்துக்கு மூன்று தரம் போனேன். உயர்தரச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு கேட்டார்கள், கொடுத்தேன். அதில் "சுகந்தினி" என்று கிடக்கிறது, விண்ணப்பத்தில் "சுகந்தி" என்று கிடக்கிறது, இருவரும் ஒருவர்தான் என்று சத்தியக்கடிதம் கொண்டுவாருங்கள் என்றார்கள். நான் நான்தான் என்று ஒரு சட்டத்தரணி முன்னால் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். மாணவர் அட்டை வந்தபோது அதிலும் கந்தசாமிதான் முன்னுக்கு நின்றார். அதோடு விட்டுவிட்டேன். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப எனக்கும் பட்டம் தருவினமோ?" என்று கேட்டார்.

இந்த வயதில் படிக்கப் போனதற்கு அறிவுத்தாகம் காரணமில்லை. பதினாறு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் பல்கலைக்கழகப் பாடங்கள் சில படித்திருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஓய்வு செவ்வாயும் வியாழனும். அந்த நாட்களில் நடந்த முதலாம் வருடப் பாடம் ஒன்றே ஒன்றுதான்: சமூக உளவியல் அறிமுகம். மனிதர் கூட்டமாக இருக்கும்போது எப்படி நினைக்கிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று ஆராய்வது அது என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை மதிலில் சாய்ந்து நின்று இதைத்தானே செய்கிறார்கள், இதற்கு ஒரு புத்தகமா என்று நினைத்துக்கொண்டு பதிந்தேன்.

என் மகள் ஆரணி அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் உயிரியல் படிக்கிறாள். நான் சேரப்போகிறேன் என்று சொன்னதும் சந்தோசப்பட்டாள். ஆனால் அன்றைக்கே ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"அம்மா, கம்பஸிலை என்னைக் கண்டால் கை காட்டாதேங்கோ. பேர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். சரியா?"

"சரி பிள்ளை" என்றேன். இரண்டு தடவை வழியில் கண்டேன். இரண்டு தடவையும் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசிக்கிற மாதிரி நின்றேன்.

2

நான்காவது கிழமை பேராசிரியர் எட்டுப் பேரை முன்னுக்குக் கூப்பிட்டு வரிசையாக நிற்கவைத்தார். நான் எட்டாவது. திரையில் ஒரு கோடு. அதன் பக்கத்தில் வேறு மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இரண்டாவதுதான்.

முதலாவது பிள்ளை "மூன்று" என்றாள். இரண்டாவது பெடியன் "மூன்று" என்றான். மூன்றாவதும் அப்படியே. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது கோடுதான். ஏழாவது ஆளும் "மூன்று" என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மூன்று" என்றேன்.

வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. மற்ற ஏழு பேருக்கும் பிழையான விடையைச் சொல்லச் சொல்லி முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்கள். இந்தப் பாடத்தில் காலம்காலமாகச் செய்துகாட்டும் விளையாட்டாம். ஏன் மூன்று என்றீர்கள் என்று பேராசிரியர் அன்பாகத்தான் கேட்டார். "என் கண்ணாடி பழையது" என்றேன். அது பொய். ஆறு மாதத்துக்கு முன்னர் மாற்றியது.

பிறகு அவர் விளக்கினார். கூட்டத்தோடு சேர்ந்து பிழையைச் சொல்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. இத்தனை பேர் சொன்னால் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று உண்மையாகவே நினைப்பவர்கள் ஒரு வகை. சரியான விடை தெரிந்திருந்தும், தனித்து நிற்கப் பயந்து மாற்றிச் சொல்பவர்கள் மற்ற வகை.

நான் எந்த வகை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது, இருபத்தைந்து வருடமாக ஒருவருக்கும் சொல்லாத ஒரு பெயர் வாய்க்குள் வந்தது. பவானி.

3

யாழ்ப்பாணத்தின் கிழக்கே தென்மராட்சியில் சண்டை மூண்டு, சனமெல்லாம் எங்கள் பக்கம், வலிகாமத்துக்கு இடம்பெயர்ந்து வந்த வருடம் அது. பவானியின் குடும்பம் கொடிகாமத்திலிருந்து வந்து, எங்கள் ஒழுங்கையில் அவளுடைய சித்தப்பா வீட்டில் இருந்தது. ஓர் அறைக்குள் ஆறு பேர். அவளுக்கும் எனக்கும் பதினேழு வயது. இரண்டு பேரும் உயர்தரம். நல்லூரில் பொருளியல் ரியூசனுக்குச் சைக்கிளில் ஒன்றாகப் போவோம். அவள் சும்மா வரமாட்டாள். பாடத்தை உரத்துச் சொல்லிக்கொண்டே மிதிப்பாள். சந்தையில் எவ்வளவு கேட்கிறார்கள், எவ்வளவு வருகிறது என்ற கேள்வியும் நிரம்பலும் எனக்கு வகுப்பில் விளங்கவில்லை. கொக்குவிலுக்கும் நல்லூருக்கும் இடையில்தான் விளங்கியது.

வகுப்பில் பெண்கள் இருபத்தெட்டுப் பேர். வாங்கில் எனக்கு இந்தப் பக்கம் பவானி, அந்தப் பக்கம் கலா என்ற கெட்டிக்காரி. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரியூசன் சேர் சோதனை வைத்தார். ஒருவரும் போவதில்லை என்று பெண்கள் எல்லோருமாக முடிவெடுத்தோம். ஐஸ்கிறீம் கடைக்குப் போனோம். கேட்டால் இராணுவச் சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்கள் என்று சொல்வதாக ஏற்பாடு. அந்த நாட்களில் ஒருவரும் சந்தேகப்படாத காரணம் அது.

இரண்டாம் நாளே சேருக்கு உண்மை தெரிந்துவிட்டது. இருபத்தெட்டுப் பேரையும் ஒரு கிழமை வெளியில் நிறுத்தினார். வீடுகளுக்குக் கடிதம் போனது. ஆர் சொன்னது? மதில் ஓரத்தில் நின்று இதே கதைதான். "அவள் பவானி சேர் வீட்டுக்குக் கொப்பி வாங்கப் போனவள். அவள்தான் சொல்லியிருப்பாள்" என்று ஒருத்தி சொன்னாள். மத்தியானம் அது "சொல்லியிருப்பாள்". பின்னேரம் "சொன்னாள்". வெளியூரிலிருந்து வந்தவள், எங்களோடு சேர்ந்து வளராதவள். அடுத்த நாளிலிருந்து அவளோடு ஒருவரும் கதைப்பதில்லை என்று ஆனது.

சொன்னது என் அம்மா. கோயில் வீதியில் சேரின் மனைவியைக் கண்டு, "பிள்ளையள் எல்லாம் ஐஸ்கிறீம் கடையிலை நிண்டுதுகள், சோதினை இல்லையோ?" என்று ஒரு கபடமும் இல்லாமல் கேட்டிருக்கிறார். அன்று பின்னேரமே அதை எனக்கும் சொன்னார். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த நாள் பதினைந்து நிமிடம் முந்திச் சைக்கிளை எடுத்தேன், அவளோடு போகாமல் இருப்பதற்காக. தண்டனைக் கிழமை முடிந்து உள்ளே விட்டதும் வகுப்பில் வாங்கின் மற்ற நுனிக்குத் தள்ளி இருந்தேன். முதல் நாள் அவள், "சுகந்தி, ஏனடி?" என்று கேட்டாள். நான் கொப்பியைப் பார்த்தேன். இரண்டாம் நாள் அவள் கேட்கவில்லை. பிறகு கேட்கவே இல்லை. மூன்று மாதம் அந்த வாங்கில் வந்து இருந்து எழுதிக்கொண்டு போனாள். நான்காம் மாதம் வரவில்லை. குடும்பத்தோடு கொடிகாமத்துக்குத் திரும்பிவிட்டார்கள் என்று சித்தப்பா வீட்டில் சொன்னார்கள். நான் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. பிறகு கலியாணம், கனடா, வேலை, பிள்ளை.

4

பாடத்தின் முக்கிய கட்டுரைக்குத் தலைப்பு: "கூட்டத்தோடு சேர்ந்து நீங்கள் செய்த ஒன்று." பேராசிரியர் என்னை நினைத்துத்தான் கொடுத்தாரோ என்று தோன்றியது. இரண்டு ஓய்வு நாட்கள் சமையலறை மேசையில் இருந்து எழுதினேன். என் ஆங்கிலம் வேலைக்குப் போதும். பாட்டிமாரின் மருந்து, சாப்பாடு, நித்திரை எல்லாம் எழுதுவேன். ஒரு பழைய வெட்கத்தை எழுத அது போதவில்லை. ஆரணியைப் பார்த்துத் தரச் சொன்னேன்.

சிவப்புப் பேனையோடு இருந்தவள் பாதியில் பேனையைக் கீழே வைத்தாள், பிறகு திரும்ப எடுத்தாள். நான் அடுப்படியில் நின்று பருப்புக் கடைந்துகொண்டிருந்தேன். முடித்துவிட்டு வந்து கதவில் சாய்ந்தாள்.

"அம்மா, இங்கிலிஷ் பிழை திருத்திட்டன். வேறை ஒரு பிழை கிடக்கு."

"என்ன பிழை?"

"எல்லா இடமும் நாங்கள், நாங்கள் எண்டு எழுதியிருக்கிறீங்கள். நாங்கள் கதைக்கேல்லை, நாங்கள் நினைச்சம். இதிலை நீங்கள் எங்கை நிக்கிறீங்கள்?"

பருப்பு அடிப்பிடித்தது. அடுப்பை அணைத்தேன்.

"அவவுக்குத் தெரியுமா? அம்மம்மாதான் சொன்னவ எண்டு?"

"இல்லை."

"இன்னும் தெரியாதா?"

"இல்லைப் பிள்ளை."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "பவானி அன்ரி பாவம்" என்றாள். ஒருபோதும் காணாத ஒருத்தியை அவள் அன்ரி என்றது என்னை உலுக்கியது. கட்டுரையை முதலிலிருந்து எழுதினேன். நாங்கள் என்ற இடமெல்லாம் நான் என்று போட்டேன். போட்ட பிறகு பல வசனங்கள் நிற்க முடியாமல் விழுந்துவிட்டன. "நாங்கள் அவளைப் பிழையாக விளங்கிக்கொண்டோம்" என்று எழுதியிருந்தேன். நான் பிழையாக விளங்கவில்லையே.

அந்த வாரப் பாடமும் என்னை விடவில்லை. மற்றவர் ஒரு பிழை செய்தால் அது அவருடைய குணம் என்று சொல்கிறோம், நாம் செய்தால் சூழ்நிலை என்று சொல்கிறோம் என்று புத்தகத்தில் கிடந்தது. சேர் வீட்டுக்கு ஒரு கொப்பி வாங்கப் போனது பவானியின் குணம். நான் வாய் மூடி இருந்தது என் சூழ்நிலை. இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் வைத்திருந்தேன்.

கட்டுரையைக் கொடுத்த வியாழக்கிழமை மத்தியானம் பல்கலைக்கழகச் சாப்பாட்டு மண்டபத்தில் தனியே இருந்து பிட்டும் கத்தரிக்காயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆரணி இரண்டு சிநேகிதிகளோடு உள்ளே வந்தாள். வழக்கம்போல நான் மேசையைப் பார்த்தேன். அவள் நேராக வந்து எனக்கு முன்னால் இருந்தாள். "இது என்ரை அம்மா. முதலாம் வருசம்" என்று சிநேகிதிகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் கத்தரிக்காயில் பாதியை எடுத்தாள்.

5

டிசெம்பரில் தம்பிக்குக் கலியாணம். ஆரணியும் நானும் ஊருக்குப் போவதாக இருந்தது. அதற்கு முன் பவானியைத் தேடலாம் என்று, பழைய ரியூசன் பெண்களின் வட்ஸ்அப் குழுவில் கேட்டேன். லண்டன், பாரிஸ், சிட்னி, யாழ்ப்பாணம் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். பவானி இல்லை. அவள் இல்லை என்பதை நான் அதுவரை கவனித்ததும் இல்லை.

"கொடிகாமத்துப் பவானி இப்ப எங்கை எண்டு ஆருக்கும் தெரியுமோ?"

எல்லோரும் பார்த்ததாக நீலக் குறி விழுந்தது. ஒருவரும் பதில் போடவில்லை. வேறு ஆராவது சொல்லட்டும் என்று ஒவ்வொருவரும் இருந்திருப்பார்கள். பார்ப்பவர் கூடக்கூட, நான்தான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொருவரிலும் குறையும் என்று ஏழாவது பாடத்தில் படித்திருந்தேன். அரை மணி நேரத்தில் ஒருத்தி ரோசாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போட்டாள். எல்லோரும் அவளுக்குக் கை கூப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தனியாக ஒரு செய்தி வந்தது. கலாவிடமிருந்து. அவள் கொடிகாமத்தில் கலியாணம் செய்து, அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். "அவவுக்குக் கம்பஸ் கிடைக்கேல்லை. சந்தைக்குப் பக்கத்திலை தேங்காய் மொத்த வியாபாரம் செய்யிறா. நான் சொன்னதெண்டு சொல்லாதை. என்னோடை அவ கதைக்கிறேல்லை. பழைய கோபமோ, வேறை ஏதுமோ எனக்குத் தெரியாது."

6

கலியாணம் முடிந்து நாலாம் நாள் காலை, கொக்குவிலில் இருந்து பஸ் மாறிக் கொடிகாமம் போனோம். மழை விட்டிருந்தது. சந்தையைத் தாண்டி மூன்றாவது கடை. வாசலில் தேங்காய் மலைபோலக் குவிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பலகைக் கட்டையில் இருந்து, இரண்டிரண்டாகத் தட்டிப் பார்த்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள் அவள். உடம்பு வைத்திருந்தது. முன்தலை நரைத்திருந்தது. தட்டிவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்கிற விதத்தில் ஆளைத் தெரிந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

"கொக்குவில் சுகந்தி" என்றாள். பிறகு, "வாங்கோ. இருங்கோ. எப்ப வந்தனீங்கள்?"

அந்த "வாங்கோ"வும் "இருங்கோ"வும் எனக்குச் சுட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிற ஆருக்கும் கொடுக்கிற மரியாதை. ஆரணியைப் பார்த்து, "மகளோ? நல்ல வளத்தி" என்றாள். உள்ளே போய் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் கொண்டுவந்து போட்டாள்.

விமானத்தில் ஒரு பேச்சை ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்திருந்தேன். அது ஒன்றும் வாயில் வரவில்லை.

"பவானி, அண்டைக்குச் சேரிட்டைச் சொன்னது நீ இல்லை எண்டு எனக்குத் தெரியும். சொன்னது என்ரை அம்மா. அண்டைக்குப் பின்னேரமே எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உன்னோடை கதைக்காமல் விட்டனான்."

கையில் இருந்த இரண்டு தேங்காயையும் மடியில் வைத்தாள்.

"உங்கடை அம்மாவோ?"

"ஓம்."

"நான் கலாவெண்டு நினைச்சன்." குரல் இறங்கியிருந்தது. "அண்டைக்கு அவள்தானே ஐஸ்கிறீம் வேண்டாமெண்டு முதல் எழும்பிப் போனவள். அவள்தான் போய்ச் சொல்லிப்போட்டு என்னிலை போட்டுட்டாள் எண்டு நினைச்சன். இஞ்சை கலியாணம் கட்டி வந்தாள். அதுக்கு முதல் வீட்டுக்கு வந்து கலியாணக் காட் தந்தவள். நான் போகேல்லை. இந்த ரோட்டாலைதான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போறாள். முதல் முதல் சிரிச்சுப் பாத்தாள். நான் முகத்தைத் திருப்பிப்போட்டன். இப்ப அவளும் சிரிக்கிறேல்லை."

என் மௌனம் ஓர் ஆளோடு நின்றிருக்கிறது என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது கொடிகாமத்து வீதியில் இத்தனை காலமும் நடமாடிக்கொண்டு இருந்திருக்கிறது.

"உனக்குக் கம்பஸ் கிடைக்காமல் போனதும் என்னாலைதானே?" என்று கேட்டேன். அதைக் கேட்காமல் போக முடியவில்லை.

அவள் சிரித்துவிட்டாள். "அதையும் தூக்கிக்கொண்டே வந்தனீங்கள்? எனக்கு அளவையியல் ஓடேல்லை. அதுதான் கிடைக்கேல்லை. பொருளியல் நல்லாச் செய்தனான்." பிறகு சிரிப்பு நின்றது. "எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. அண்டைக்கு நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

"என்னோடையும் ஒருத்தரும் கதைச்சிருக்க மாட்டினம்."

"அப்ப நாங்கள் ரெண்டு பேராய் இருந்திருப்பம்."

பக்கத்தில் இருந்த ஆரணி என் கையைப் பிடித்தாள். அதன் பிறகுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"என்ரை புத்தகத்திலை இதைத்தான் ஒரு பாடம் முழுக்க எழுதிக் கிடக்கு" என்று ஏதோ சொல்ல வேண்டுமென்று சொன்னேன். "பக்கத்திலை ஒரே ஒரு ஆள் நிண்டால் காணுமாம். மற்ற எல்லாரும் என்ன சொன்னாலும் மனிசர் தாங்குவினமாம்."

"இதுக்கு ஒரு புத்தகமோ?" என்றாள் பவானி. "கனடாவிலை போய்ப் படிக்கிறாய் எண்டால் வேறை ஏதும் படியன்." "நீங்கள்" போய் "நீ" வந்துவிட்டதை அவளும் கவனித்திருக்க வேண்டும். மடியில் கிடந்த தேங்காய் இரண்டையும் எடுத்துக் குவியலில் போட்டாள். "மன்னிக்கிறதெண்டால் எனக்குக் கொஞ்ச நாள் எடுக்கும், சுகந்தி. உடனை வராது. நீ வந்தது நல்லது. ரீ குடி முதல்."

பக்கத்துக் கடையிலிருந்து ரீ வந்தது. மூன்று பேரும் குடித்தோம். அவளுக்கு ஒரு மகள், வவுனியாவில் தாதியாம். கணவர் லொறியோடு தம்புள்ளைக்குப் போயிருக்கிறாராம். சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் இஞ்சை இருக்கிறன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

சொல்லாதே என்று கலா கேட்டிருந்தாள். நான் ஆரணியைப் பார்த்தேன். சொல்லுங்கோ என்பதுபோல ஆரணி தலையை ஆட்டினாள்.

"கலா" என்றேன்.

பவானி சீலைத் தலைப்பில் இரண்டு கையையும் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"நம்பர் கிடக்கே?"

"கிடக்கு."

"எடு. இப்பப் பள்ளிக்கூட லீவுதானே, வீட்டிலைதான் நிப்பாள்."

அழுத்திக் கொடுத்தேன். மணி போய்க்கொண்டிருந்தது. பவானி எழுந்து நின்றாள், படிப்பித்தவர்களுக்கு முன்னால் நிற்கிற மாதிரி. மறுபக்கம் எடுத்த சத்தம் எனக்கும் கேட்டது. "ஹலோ சுகந்தி?" என்றாள் கலா.

"சுகந்தி இல்லை. நான் பவானி கதைக்கிறன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "பொறு, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாறன். வைச்சிடாதை" என்று கேட்டது.

பவானி தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கடையின் உள்ளே போனாள். வாசலில் ஒருவர் வந்து சைக்கிளை நிறுத்தி, சம்பலுக்கு நல்ல தேங்காய் நாலு கேட்டார். நான் எழும்பும் முன்னமே ஆரணி போய்விட்டாள். இரண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தாள், தலையைச் சரித்துக் கேட்டாள், ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே அவர்கள் கதைத்துக்கொண்டே இருந்தார்கள்.